டெல்லிக்குப் போனோம், கேள்வியை ஊரிலேயே விட்டுவிட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு அன்பர், அரசு செலவில் விவசாயிகளை டெல்லிக்குக் கூட்டிப்போகும் கண்டுணர்வுச் சுற்றுலாவைக் கிண்டல் செய்து எழுதியிருந்தார். செங்கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தால் ராகி ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூட விளையுமா, பணம்தான் வீண், போகவே வேண்டாம் என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் மாசி மாதம் அந்த மாதிரி ஒரு குழுவில் போய்வந்தவள் நான். அதனால் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் உறுத்தியது. அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் அவருக்கும் எனக்கும் தகராறு.

நான் எப்படிப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதிலேயே ஒரு சங்கதி இருக்கிறது. அழைப்பு என் பெயருக்கு வரவில்லை, வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. பட்டா அவர் பெயரில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு அவர் பெயரில், ஆகவே முன்னோடி விவசாயியும் அவர்தான். அவருக்கு அப்போதுதான் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது, டாக்டர் விடவில்லை. மூன்று ஏக்கர் மாந்தோப்பையும் ஒன்றரை ஏக்கர் ராகியையும் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்வது நான்தானே, பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். ‘அக்கா, அங்க குளிர் ஜாஸ்தி, சாப்பாடும் சப்பாத்திதான், உங்களுக்கு ஒத்துக்குமா?’ என்றார் பொறுப்பில் இருந்த தம்பி. மார்கழிப் பனியில் காட்டுப்பன்றிக்குக் காவல் காத்துத் தோட்டத்திலேயே படுத்துக் கிடப்பவளிடம் குளிரைப் பற்றிக் கேட்கிறார்! எப்படியோ பெயர் மாறியது. முப்பது பேரில் நாங்கள் நான்கு பெண்கள்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்பது ஊரறிந்த கதை, வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த சின்னப் பாதையையும் அப்போதே பிடுங்கிவிட்டார்கள், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் அங்கேயே நின்றுவிடும். சேலம் போய் கேரளா எக்ஸ்பிரஸ் பிடித்தோம். இரண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல். ஒரு அக்கா ஐந்து கிலோ ராகி மாவு கட்டி எடுத்து வந்திருந்தார், டெல்லியில் அடுப்பு யார் கொடுப்பார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. ஆண்கள் சீட்டு விளையாடினார்கள், எந்த மானியத்தில் யாருக்கு டிராக்டர் வந்தது என்று பேசினார்கள். நாம் எதற்குப் போகிறோம், யாரைப் பார்த்து என்ன கேட்கப் போகிறோம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து நாக்பூர் பக்கம் ஆரஞ்சுத் தோட்டம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கோட்டை, இந்தியா கேட், புது நாடாளுமன்றக் கட்டடம் எல்லாம் பார்த்தோம், ஒரு நாள் அதற்கே போனது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களில் பத்துப் பேராவது சென்னையையே பார்க்காதவர்கள்.

அப்புறம் பூசா, டெல்லியில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம். பூசா என்பது பீகாரில் இருக்கும் ஒரு ஊரின் பெயராம். 1905-இல் அங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 பூகம்பத்தில் இடிந்து போக, 1936-இல் டெல்லிக்குக் கொண்டு வந்தார்கள், பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. நம் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ்.சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இயக்குநராக இருந்த இடம். வருஷா வருஷம் அங்கே நடக்கும் உழவர் மேளாவுக்குத்தான் எங்களைக் கூட்டிப்போனார்கள். திருவிழாக் கூட்டம். பஞ்சாப், அரியானாக்காரர்கள் பாஸ்மதி விதை வாங்க விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கிறார்கள். பெரிய தலைப்பாகை கட்டிய ஒருவர் என்னைப் பார்த்து ‘எத்தனை கில்லா?’ என்று கேட்டார், எனக்குக் கிலோ என்று காதில் விழுந்து நூறு என்று சொல்லிவிட்டேன். கில்லா என்றால் அவர்கள் ஊரில் ஏக்கர். நூறு ஏக்கர்க்காரி என்று நினைத்து அவர் கையெடுத்துக் கும்பிட்டார், அந்த மரியாதையை நான் திருத்தவில்லை.

ஒவ்வொரு ஸ்டாலிலும் விளக்கம் இந்தியில், கொஞ்சம் இங்கிலீஷில். எங்கள் குழுவில் இருப்பவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை சார். கிருஷ்ணகிரிக்காரன் தமிழ் பேசுவான், தெலுங்கில் பேரம் பேசுவான், கன்னடத்தில் சண்டை போடுவான். மூன்று மொழி கையில் இருந்தும் அங்கே முப்பது பேரும் ஊமைகளாக நின்றோம். மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்யவில்லையா என்று கேட்டதற்கு, நோட்டீஸ் எல்லாம் கொடுக்கிறார்களே, வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். அந்த நோட்டீசும் இந்தியில்தான். நான் கொண்டு வந்த கட்டு இப்போது பரணில் இருக்கிறது.

நல்ல காலம், எங்கள் பேச்சைக் கேட்டு அங்கே ஆராய்ச்சி படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் ஓடி வந்தான். அவன்தான் எங்களில் ஏழெட்டுப் பேரை மாமரங்கள் பக்கம் கூட்டிப்போனான். நம் ஊரில் பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்துவிட்ட சமயம், அங்கே அப்போதுதான் பூவே எடுக்கிறது. ஒரு மரத்தைக் காட்டி, ‘இது மல்லிகா, இதோட அம்மா உங்க ஊரு நீலம்’ என்றான். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நீலத்தைத் தாயாகவும் வடக்கத்தி தசேரியைத் தகப்பனாகவும் வைத்துக் கலப்பினமாகச் சேர்த்தது மல்லிகா. அதையே மாற்றி, தசேரி தாய், நீலம் தகப்பன் என்று சேர்த்தது ஆம்ரபாலி. தசேரி ருசியில் ராஜா, ஆனால் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் கைவிரித்துவிடும். நீலம் வருஷம் தவறாமல் காய்க்கும், அந்தக் குணத்துக்காகத்தான் அதைத் தேடி எடுத்தார்களாம். நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊரில் போய் அவள் குழந்தைகளைப் பார்த்தது போல இருந்தது. எங்கள் பக்கத்தில் நீலத்துக்கு என்ன மரியாதை? கடைசியில் வரும் காய், வண்டு விழும் காய். வெட்டிவிட்டுப் பெங்களூரா ரக மா வைத்தவர்கள்தான் அதிகம், எங்கள் மாமனார் உட்பட.

ஆம்ரபாலி குட்டை மரம், இரண்டரை மீட்டருக்கு ஒன்று நடலாம், எக்டேருக்கு 1,600 கன்று பிடிக்கும் என்று அந்தப் பையன் சொன்னபோது எங்கள் ஆட்கள் நம்பவில்லை. நாம் முப்பது அடிக்கு ஒன்று, ஏக்கருக்கு நாற்பது சொச்சம் என்று நட்டுப் பழகியவர்கள். ஒரு பெரியவர் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே காலடி வைத்து அளந்தே பார்த்துவிட்டார். அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டதுதான் பூசாவில் எங்களுக்குக் கிடைத்தது. அது யாரும் ஏற்பாடு செய்து கிடைத்ததில்லை, தானாக வாய்த்தது.

ஆசாத்பூர் மண்டியும் அப்படித்தான். அது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. தக்காளிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பிடிவாதம் பிடித்ததால், கிளம்புகிற நாள் விடியற்காலை நாலரை மணிக்கு பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஆசியாவிலேயே பெரிய காய்கறி, பழ மண்டி என்கிறார்கள். ராயக்கோட்டை தக்காளி மண்டியைப் பெரிசு என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, லாரிகளின் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சேற்றில் வழுக்காமல் நடக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூட்டை தூக்கும் பையன் ஒருவன் நின்று திரும்பி, ‘அக்கா, ஓசூரா?’ என்றான். பீகார்க்காரன். ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவனாம். முறுக்கிய துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அரைத் தமிழில் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டான். அரசாங்கம் செய்யாததை அவன் கூலி வாங்காமல் செய்தான் (டீ மட்டும் வாங்கிக் கொடுத்தோம்).

அவன் கூட்டிப்போன கமிஷன்காரர் வயதானவர், சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். எங்கள் கண் முன்னாலேயே ஒரு பெட்டித் தக்காளியை அப்படியே கீழே கொட்டச் சொல்லி, அடியில் இருந்ததை எடுத்து உருட்டிப் பார்த்தார். மேலே பெரிய காயும் அடியில் பொடிக் காயும் அடுக்கும் வித்தை அங்கே செல்லாது. எங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், யார் யார் என்று எழுத மாட்டேன். மாம்பழம் எது இங்கே ஓடும் என்று கேட்டேன். சித்திரை வந்தால் சஃபேதா என்றார். சஃபேதா என்றால் என்ன என்று துருவிப் பார்த்தால், நம் பங்கனப்பள்ளி! நாம் வளர்க்கிற பழத்துக்கு டெல்லியில் என்ன பெயர் என்பதே இத்தனை வருஷம் நமக்குத் தெரியவில்லை. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: ஒரே அளவில், ஒரே பக்குவத்தில், வாரத்துக்கு எத்தனை டன் அனுப்புவீர்கள்? முப்பது முன்னோடி விவசாயிகள், அதில் ஐந்து பேர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் இயக்குநர்கள், ஒருவரிடமும் பதில் இல்லை. அவர் சிரிக்கவில்லை, அடுத்த பெட்டியைக் கொட்டச் சொன்னார்.

இனி, எனக்கு ராத்திரி தூக்கம் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். மண்டிக்குப் போன நாளுக்கு முந்தின நாள், மத்திய வேளாண் அமைச்சகம் பல வருஷமாக இயங்கிவந்த கிருஷி பவன் எதிரே பஸ்ஸை நிறுத்தினார்கள். பத்து நிமிஷம் என்றார்கள். எல்லோரும் பச்சைத் துண்டைச் சரி செய்துகொண்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம், அந்தப் போட்டோ ராத்திரிக்குள் மாவட்டத்தில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. திரும்பி வந்து மகனிடம் காட்டினேன். அவன் காலேஜில் படிக்கிறவன், போனில் தேடிப் பார்த்துவிட்டு, ‘அம்மா, ராகிக்கு விலை சிபாரிசு பண்ற கமிஷனுக்கு இந்தக் கட்டடத்தோட விலாசம்தான் போட்டிருக்கு, தெரியுமா?’ என்றான். தெரியாது.

1965-இல் தொடங்கிய விலைக் கமிஷன் அது. 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை சிபாரிசு செய்கிறது. ராகிக்கு 2014-15-இல் குவிண்டால் 1,550 ரூபாய், 2025-26-க்கு 4,886 ரூபாய். விலை ஏறியிருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தர்மபுரி ரேஷனில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்கிறார்கள், அதற்காகவே இந்தப் பக்கம் அரசு நேராகக் கொள்முதல் செய்கிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் அந்த 4,886 என்ற கணக்கு எப்படி வந்தது? விதை, உரம், கூலி, வீட்டு ஆட்கள் உழைப்பு இவற்றைக் கூட்டி, அதற்கு மேல் பாதி வைத்துக் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். நிலத்துக்கான குத்தகையும் போட்ட முதலுக்கு வட்டியும் அதில் முழுசாக வராது, அதையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷச் சண்டை. என் ராகியில் களை எடுக்க எத்தனை ஆள், அறுக்க எத்தனை ஆள், ஒரு ஆளுக்குக் கூலி என்ன என்று என் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு வீட்டில் இருந்தது. நான் அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாங்காய்க்கோ அந்த 22-இல் இடமே இல்லை. 2025-இல் பெங்களூரா கிலோ நாலு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் போனதை உங்கள் பத்திரிகையிலேயே போட்டிருந்தீர்கள். பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று நாங்கள் கடைசிக் காயை மரத்திலேயே விட்டோம், தோப்பு முழுக்கப் புளித்த வாடை. இப்படி ஆதரவு விலை இல்லாத பயிருக்கு என்றே சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று மத்திய அரசிடம் இருக்கிறது. விலை, முந்தைய சாதாரண வருஷத்தை விட 10 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும், மாநில அரசு கேட்க வேண்டும், நஷ்டத்தை இரண்டு அரசுகளும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். அந்த வருஷம் கர்நாடகத்துக்கு 2.5 லட்சம் டன் வரை விலை வித்தியாசத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். நம் மாநிலமும் கேட்டு எழுதியது. எல்லையில் அந்தப் பக்கம் கோலார், இந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி, ஒரே காய், ஒரே மழை. அடுத்த முறை விலை விழுந்தால் நாம் எந்தத் தேதிக்குள் என்ன கணக்கைக் கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும்? இதைக் கேட்பதற்காகவே டெல்லிக்குப் போகலாம். நாங்கள் போனோம், கேட்கவில்லை.

2017-இல் ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முறை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், எனக்கே சிலது பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் கேள்வியோடு போனார்கள், தெருவில் உட்கார்ந்து கேட்டார்கள். எங்களுக்கு அரசே டிக்கெட் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டி, வாசல் வரை பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கியது. நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு ஏறிவிட்டோம்.

ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்குச் சொல்கிறேன், பணம் வீண் என்கிறீர்களே, அது சரிதான், நாங்கள் போன மாதிரி போனால் வீண். ஆனால் போகவே வேண்டாம் என்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதக் கடைசியில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு எங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள் என்று போய்ப் பாருங்கள். மனு, அதற்கு ஜெராக்ஸ், போன மாதம் கொடுத்த மனுவுக்கு வந்த பதில், அதற்குப் பதில். ஏரிக்கால்வாயில் ஒரு மதகு உடைந்ததற்கு அத்தனை தயாரிப்பு. அதே ஆட்களை டெல்லிக்கு அனுப்பும்போது தொப்பியும் பையும் கொடுத்து அனுப்பினால் சுற்றுலாப் பயணி மாதிரிதான் போவார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ, பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களிலோ உட்கார வைத்து, யார் எந்தக் கேள்வியைக் கேட்பது, யாரிடம் நேரம் வாங்குவது என்று பேசினால் போதும். மொழிபெயர்க்க ஓசூர் சிப்காட் பக்கம் இந்தி பேசும் நம் பையன்கள் நூறு பேர் கிடைப்பார்கள், ஒருவனுக்கு டிக்கெட் போடுங்கள். நிகழ்ச்சி நிரலில் செங்கோட்டையும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, மண்டி மட்டும் கடைசி நாள் விடியற்காலை மிச்ச நேரத்தில் வருவதாக இருக்கக் கூடாது.

பெண்களைப் பற்றியும் ஒரு வரி. அந்த மண்டிக்காரர் கேட்ட கேள்விக்கு ஊரில் யாரிடம் பதில் இருக்கிறது தெரியுமா? காயைத் தரம் பிரிக்கிறவளிடம். அவள் பெயரில் பட்டா இல்லை, அதனால் பட்டியலில் அவள் இல்லை.

திரும்பி வந்து நான் செய்தது இரண்டே இரண்டு. மல்லிகா ஒட்டுக் கன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், நான்கு கன்று, கிணற்று மேட்டில் வைக்க. இன்னொன்று, என் ராகிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். ராகிச் செலவுக் கணக்கு எடுக்கும்போது எங்கள் வட்டாரத்தில் எந்த ஊரில் எடுக்கிறீர்கள்? பெங்களூரா விலை விழுந்தால் முதல் கடிதம் எங்கிருந்து, எத்தனை நாளுக்குள் போக வேண்டும்? ஆசாத்பூருக்கு ஒரு லாரி பங்கனப்பள்ளியை ஒரே அளவில் அனுப்ப எங்கள் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு என்ன குறை?

மூன்றாவது டெல்லியிடம் கேட்க வேண்டியது இல்லை, எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கட்டும், ரயிலில் நாற்பது மணி நேரம் இருக்கிறதே.

ஆடி கழிந்ததும் அடுத்த குழு கிளம்புவதாகக் காதில் விழுந்தது. அதில் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், காவேரிப்பட்டணம் பக்கம் வரும்போது நோட்டின் அந்தக் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மாந்தோப்புக்காரி ஒருத்தி,
காவேரிப்பட்டணம் வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.